எண்களில் வளைந்த முதுகு

அத்தியாயம் 14: வேங்கைக் கதவு

காகிதம் வாசலைத் தாண்டிக் களம் வரைக்கும் நீண்டது.

சென்னையிலிருந்து வடிவு அதை மடித்துத் துணிப்பையில் கொண்டுவந்தபோது ஒரு புடவை மடிப்பு அளவுதான் இருந்தது. இப்போது பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். வெள்ளையும் பச்சையுமாகப் பட்டைகள். மலைக்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. அம்மாக்கண்ணு சாமை புடைத்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு முனையில் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். மறுமுனையைப் பழனி காலால் மிதித்துக்கொண்டான்.

"அண்ணா, மிதிக்காத! மேடம் குடுத்த பேப்பரு" என்றாள் வடிவு.

பழனி பதறிக் காலை எடுத்தான். மேடத்துக்காக அல்ல. அந்தக் காகிதத்தில் இருப்பது தன் அண்ணனுடைய முதுகைப் பற்றிய கணக்கு என்று வடிவு சொல்லியிருந்தாள்.

இந்த வீட்டுக்கு வாராவாரம் வந்துபோகிறவர்களுக்கு நடந்ததெல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் முதல்முறை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பங்குனியில், புளி உலுக்க ஏறிய கோவிந்தன் கிளை முறிந்து விழுந்தான். தம்பி பழனிதான் மூங்கிலில் கம்பளியைக் கட்டி, அண்ணனை டோலியில் போட்டு, தோள் மாற்றாமல் மலையடிவாரத்து ஆலங்காயம் ஆஸ்பத்திரி வரை இறங்கினான். தம்பி என்றால் இவனல்லவா தம்பி என்று மலையே மெச்சியது. ஆனால் கோவிந்தன் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்த்தான் திரும்பி வந்தான். அன்றிலிருந்து கட்டில்தான் அவனுக்கு உலகம்.

ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் போகிற போக்கில், "இப்படியாய்யா மூட்டை மாதிரி மடிச்சுத் தூக்கிட்டு வருவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டவர் அன்றைக்கே மறந்திருப்பார். பழனி மறக்கவில்லை. அன்றுமுதல் அவன் அண்ணன் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. அண்ணன் கொல்லையை உழுவான், விதைப்பான், அறுப்பான், மூட்டை கட்டிக் கொண்டுவந்து வாசலில் இறக்குவான். அண்ணி அம்மாக்கண்ணு போடுகிற களியை வெளியிலேயே உட்கார்ந்து தின்பான். உள்ளே மட்டும் வரமாட்டான். கட்டிலில் படுத்திருக்கிறவன் முகத்தை நேருக்கு நேராகப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

தங்கை வடிவு சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் கம்ப்யூட்டருக்கு அட்டை அடிக்கிற வேலையில் இருந்தாள். மலையிலிருந்து பட்டணத்துக்குப் போய் அட்டையில் ஓட்டை போடுகிறாளாம், அதற்கு மாசச் சம்பளமாம் என்று ஊர் சிரித்தது. அந்தக் கல்லூரியில் அம்சவல்லி மேடம் என்று ஒருவர், அடியும் இழுப்பும் மனுஷன் முதுகை உள்ளுக்குள் எப்படிக் கெடுக்கின்றன என்று கம்ப்யூட்டரில் ஆராய்ந்துகொண்டிருந்தார். வடிவு அவரிடம் அண்ணன் கதையைச் சொன்னாள். பொங்கலுக்கு வந்தபோது, கிளை எவ்வளவு உயரம், எப்படி விழுந்தான் என்று பழனியைத் துளைத்து எடுத்தாள். போதாததற்கு ஒரு டோலி கட்டச் சொல்லி, அதில் அவனையே படுக்கவைத்து, முதுகு எந்த இடத்தில் எவ்வளவு வளைகிறது என்று நூல் பிடித்து அளந்துகொண்டு போனாள்.

அதற்குப் பதில்தான் இன்றைக்குக் களத்தில் விரிந்து கிடந்தது. நானா, மரமா? அண்ணன் காலை எடுத்தது எது? பழனிக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும்.

அம்மாக்கண்ணு குனிந்து பார்த்தாள். "இன்னாடி இது, எல்லாம் நம்பராவே கீது?"

"கிட்ட பாத்தா நம்பருதான் அண்ணி. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

அம்மாக்கண்ணுவும் பழனியும் பின்னால் நகர்ந்தார்கள். இன்னும் கொஞ்சம் என்றாள் வடிவு. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்கள்.

ஒன்றும் இரண்டும் மூன்றுமாக இறைந்து கிடந்தவை ஒன்றுகூடி ஒரு தண்டாக எழுந்து நின்றன. நடுவில் ஒரு இடத்தில் அந்தத் தண்டை எலும்பு மாதிரி ஏதோ ஒன்று முட்டிக்கொண்டிருந்தது.

"முதுகெலும்பு வளையம் வளையமா அடுக்கி கீது இல்ல? அதுக்குள்ள ஒரு வடம் ஓடுது" என்றாள் வடிவு. "மூள சொல்றத காலுக்கு எடுத்துனு போறது அதான். கால்ல முள்ளு குத்துனா மூளைக்குப் போய்ச் சொல்றதும் அதான். தண்டுவடம்னு பேரு."

"எவ்ளோ தடிமன் இருக்கும்?"

"சுண்டு வெரல் தடிமன்."

பழனி தன் சுண்டு விரலைத் தூக்கிப் பார்த்தான். வடம் என்றதும் தேர் இழுக்கிற கயிற்றைத்தான் அவன் நினைத்திருந்தான். அண்ணன் கோவிந்தன் மரம் ஏறினால் அணில் தோற்றுவிடும். ஆடித் திருவிழாவில் அவன் ஆட இறங்கினால் மற்றவர்கள் ஒதுங்கி வேடிக்கை பார்ப்பார்கள். அத்தனை ஏற்றமும் அத்தனை ஆட்டமும் இந்தத் தடிமனுள்ள ஒன்றின் வழியாகவா ஓடிக்கொண்டிருந்தது? அவனுக்குச் சாமி முன்னால் நிற்பதுபோல் இருந்தது.

"இந்த வடத்த மேடம் கம்ப்யூட்டர்ல பொடிப் பொடித் துண்டா பிரிச்சு வெச்சிருக்காங்க. ஒவ்வொரு துண்டும் எவ்ளோ இஸ்தா எவ்ளோ நீளும், எவ்ளோ அமுக்குனா எவ்ளோ நசுங்கும்னு கணக்கு கீது. ஒரு துண்ட இஸ்தா பக்கத்துத் துண்டு இன்னா ஆவும், அதுக்கு அடுத்தது இன்னா ஆவும், எல்லாத்தையும் சேத்துப் போட்டுப் பாக்கும். அதுக்குண்டான அட்டைங்கள அடிச்சதே நான்தான்."

"யாரோட முதுகு அது?"

"யாரோடதும் இல்லண்ணா. கணக்கு முதுகு."

"அத இன்னா பண்ணுவாங்க?"

"கீழ தள்ளுவாங்க. வளைப்பாங்க. முறுக்குவாங்க. உடைப்பாங்க. அப்பால மறுபடியும் முழுசாக்கி வேற மாதிரி உடைப்பாங்க."

பழனி இன்னொரு தடவை எண்களைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "ஒருத்தனுக்கும் வலிக்காமயா?"

"ஒருத்தனுக்கும் வலிக்காம."

எங்கோ பட்டணத்தில் ஒரு குளிர்ந்த அறையில், அம்மா என்று ஒரு சத்தம்கூட இல்லாமல், யாரோ ஒரு பெண்பிள்ளை முதுகை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தன் முதுகு உடையாமல் இருப்பதற்காக. மலையில் மழைக்கும் விளைச்சலுக்கும் வேண்டிக்கொள்ளத்தான் பழனிக்குத் தெரியும். இப்படி ஒரு வேண்டுதலை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

"மொத படம், எலும்பு உடைஞ்சு நேரா படுத்துனு கீறப்போ" என்றாள் வடிவு. "ஒண்ணுன்னா இழுப்பு கம்மி. ஒம்போதுன்னா ரொம்ப. உடைஞ்ச எடத்துல ஏதோ நாலஞ்சு ஒம்போது கீது, பாரு. மத்ததெல்லாம் ரெண்டும் மூணும்தான்."

"ரெண்டாவது?"

வடிவு தயங்கினாள். அம்மாக்கண்ணுதான் குழவியை நகர்த்தி அடுத்த மடிப்பைப் பிரித்தாள்.

அதே தண்டு. அதே உடைந்த எலும்பு. ஆனால் இந்தத் தண்டு வில்லாக வளைந்திருந்தது. எலும்பு முட்டுகிற இடத்தில் ஒன்பதுகள் வெல்லத்தில் ஈ மொய்த்த மாதிரி அடை அடையாக அப்பிக்கிடந்தன. மேலும் கீழும் எட்டுகள். சின்ன எண்ணே கண்ணில் படவில்லை.

இதை விளக்க வடிவு தேவைப்படவில்லை. அந்த வளைவில் பழனி படுத்துப் பார்த்திருக்கிறான். மூங்கிலில் தொங்குகிற கம்பளியின் வளைவு அது.

"உடைஞ்ச எலும்பு மேல வடம் இழுபடுது" என்று வடிவு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வளைய வளைய இழுப்பு ஏறும்."

"அப்போ நான்தானா?"

"அண்ணா, மெஷினு அப்படிச் சொல்லாது. இப்படி வளைச்சா இப்படி இழுக்கும்னு மட்டும்தான் சொல்லும். இன்ன ஆளுக்கு அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு மேடமே சொன்னாங்க. விழுந்த உடனேகூட எல்லாம் முடிஞ்சிருக்கலாம்."

"முடியாமயும் இருந்திருக்கலாம்."

வடிவு வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து கோவிந்தனின் குரல் வந்தது. "வடிவு, போதும். பேப்பர மடி. காத்துல கிழிஞ்சுடப் போவுது."

அதட்டல் இல்லை, அவசரம் மட்டும் இருந்தது. ஏன் இந்த மனுஷன் அவசரப்படுகிறான் என்று அம்மாக்கண்ணு ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்த்தாள். யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

வீட்டுக் கொல்லையை ஒட்டின புளியந்தோப்பில் கிளை முறிகிற சத்தம் கேட்டது. அடுத்து ஒரு கனத்த சத்தம். அதற்கடுத்து, "ஐயோ, எம்புள்ள!" என்று அவர்களுக்குச் சித்தி முறையான குப்பம்மாளின் அலறல்.

விழுந்தவன் அவள் மகன் சிங்காரம். போன தையில் கல்யாணமானவன்.

பழனி போய்ச் சேர்ந்தபோது சிங்காரம் மல்லாந்து கிடந்தான். கண் விழித்திருந்தது. "முதுகு... முதுகு..." என்று முனகினான். அதற்குள் ஒருத்தன் மூங்கிலைக் கொண்டுவந்துவிட்டான். இன்னொருத்தன் கம்பளியை உதறிக்கொண்டிருந்தான். யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. மலையில் கைகளுக்கே தெரிந்த வேலை அது. பழனியின் கையும் தானாகவே மூங்கிலைப் பிடித்துவிட்டது.

பிடித்த கை அப்படியே நின்றது. கம்பளி தொங்கப்போகிற வளைவு அவன் கண்ணில் ஒன்பது ஒன்பதாகத் தெரிந்தது.

"டோலி வாணாம்!" என்று கத்தினான். "யாரும் தூக்காதீங்க!"

குனிந்து, "டேய் சிங்காரம், கால் வெரல ஆட்டு" என்றான். சிங்காரம் பல்லைக் கடித்தான். வலது கால் கட்டைவிரல் ஒரு இணுக்கு அசைந்தது.

பின்னாலேயே ஓடிவந்த வடிவு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "உள்ள வடம் இன்னும் நல்லா கீதுண்ணா. தல, தோளு, இடுப்பு எல்லாம் ஒரே கோட்டுல இருக்கணும். பலகை மாதிரி ஒண்ணு வேணும். நெட்டுக்குப் படுக்க வெச்சுக் கட்டித்தான் எறக்கணும்."

அதைக் கேட்டதும் குப்பம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நெட்டுக்குப் படுக்க வெச்சா? இன்னாடி சொன்ன? உசுரோட கீற புள்ளைய பாடையில ஏத்தச் சொல்றியா?"

கூட்டம் முணுமுணுத்தது. கிழவி சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அங்கே எல்லாருடைய எண்ணமும். இந்த மலையில் உயிரோடு இருப்பவன் டோலியில்தான் இறங்குவான், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி. நெடுக்காகக் கிடத்தி நாலு பேர் தோள் கொடுத்தால் போகிற வழி சுடுகாட்டுக்குத்தான். அப்படிக் கிடத்தினால் எமனுக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். அன்றைக்குக் கோவிந்தனுக்கு டோலி கட்டியதும் அறியாமையால் மட்டும் இல்லை. அவன் சாகக்கூடாது என்ற ஆசையால்தான்.

"உங்கண்ணன மட்டும் டோலில தூக்கினு போன இல்ல?" என்று குப்பம்மாள் பழனியின் சட்டையைப் பிடித்தாள். "அவன் உசுரோடதான கீறான்? எம்புள்ளைக்கு மட்டும் இன்னா பாட?"

காகிதத்தில் பார்த்த ஒன்பதுகளைக் காட்டி ஒரு தாயை நம்பவைக்க முடியுமா? கம்பளிக்காரன் குனிந்து சிங்காரத்தின் கக்கத்தில் கையைக் கொடுத்தான்.

"சின்னம்மா!"

குரல் வீட்டிலிருந்து வந்தது. மூன்று வருஷமாகத் தண்ணீர் கேட்பதற்குக்கூட உயராத குரல் தோப்பு முழுக்கக் கேட்டது. கம்பளிக்காரன் கையை எடுத்துவிட்டான்.

"சின்னம்மா, நான் சொல்றத கேளு. அன்னிக்கு மரத்தடில என் கட்டை வெரலும் அசைஞ்சுது! நான் என் கண்ணால பாத்தேன். டோலில போட்டு மொத எறக்கம் எறங்கறப்போ முதுகுல சுருக்குனு ஒரு இழுப்பு. அதோட சரி. அப்பால கால் எனுக்குத் தெரியவே இல்ல. உசுரோட போறான்னு நீங்கல்லாம் சந்தோசப்பட்டீங்க. நான் என் கால அந்த எறக்கத்துலயே உட்டுட்டுப் போனேன். சிங்காரத்துக்கு அத பண்ணிடாதீங்க."

மூங்கிலைக் கொண்டுவந்தவன் அதைத் தரையில் போட்டான்.

பழனி நின்ற இடத்திலேயே நின்றான். மூன்று வருஷமாக அவன் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. மெஷின் சொல்ல மறுத்ததை அண்ணனே சொல்லிவிட்டான். எல்லாம் தெரிந்தும் ஒருநாள்கூட முகம் கோணாமல், வாசலில் உட்கார்ந்து தின்கிற தம்பிக்கு "களி சூடா கீதா பாத்துப் போடு" என்று உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

"பழனி! நிக்காதடா! நம்ம வூட்டுக் கதவ கழட்டு!"

பழனி ஓடினான்.

அவர்கள் அப்பா வேங்கை மரத்தில் செய்து மாட்டிய கதவு அது. கீல் கிடையாது. மேலும் கீழும் குழியில் உட்கார்ந்திருக்கும் குடுமிக் கதவு. கழற்ற வேண்டுமானால் வாசற்படியில் ஏறி நின்றாக வேண்டும். ஏறினான். கட்டில் எதிரிலேயே இருந்தது. அண்ணன் முகம் இளைத்துப்போய், காதோரம் நரைத்து, யாரோ மாதிரி இருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"மேல தூக்கி, கீழ் குடுமிய வெளிய தள்ளு" என்றான் கோவிந்தன். பழனி கதவைப் பிடுங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு திரும்பினான்.

அம்மாக்கண்ணு யாரையும் கேட்காமல் சிங்காரத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். படுத்த உடம்பைக் கையாளுகிற பழக்கம் அவளுக்கு இருந்தது. நாலு பேர் ஒரே பக்கம் மண்டி போட்டார்கள். வடிவு சொல்ல, எல்லாரும் ஒன்றாக அவனை ஒரு மரக்கட்டையைப் போல ஒருக்களித்தார்கள். கதவை அடியில் சேர்த்தார்கள். கட்டையைப் போலவே திருப்பிக் கிடத்தினார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் கேழ்வரகு கட்டின துணி மூட்டைகள். நெற்றியிலும் மார்பிலும் இடுப்பிலும் காலிலும் புடவைக் கட்டு.

நாலு பேர் தூக்கத் தயாரானபோது குப்பம்மாள் வந்து கதவின் ஓரத்தைப் பிடித்தாள். இன்னும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"வழியெல்லாம் அவன பேச வெச்சுனே போங்கடா" என்றாள். "பொணம் பேசாது. அவன் பேசினே போனா, இது பாட இல்ல."

அப்படியே நடந்தது. ஆலங்காயம் போய்ச் சேரும்வரை சிங்காரத்தை அவர்கள் பேசவைத்தார்கள். மாமியார் வீட்டில் போட்ட கோழிக்குழம்பில் காலும் கழுத்தும் மட்டும் வந்த கதையை அவன் சொன்னான். முனகலுக்கு நடுவே, சென்ற வருஷம் தன் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டுபோனது சிறுத்தை இல்லை, இந்தக் கதவின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவன்தான் என்று போட்டு உடைத்தான். தூக்கிக்கொண்டு வந்தவன் வெலவெலத்துப்போனான். அந்த நிலையிலும் பழனிக்குச் சிரிப்பு வந்தது.

அந்த இறக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது.

பாறைகள் படிபோல் விழுகிற இடம். அண்ணன் தன் காலை விட்டுவிட்டுப் போன இடம். முன்னால் போகிறவர்கள் இறங்கினால் கதவு சரிந்தது. "சாயுது, சாயுது!" என்று கத்தினார்கள். ஒருத்தன் சிங்காரத்தின் முட்டியை மடக்கி இடுப்பைத் தாங்கப் பார்த்தான்.

"கைய எடு!" என்றான் பழனி. "சாஞ்சா பரவால்ல. வளையக் கூடாது."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அந்த நீளக் காகிதம் முழுக்கச் சொன்னது இவ்வளவுதான். கதவு ஏறக்குறைய செங்குத்தாகச் சாய்ந்தது. கட்டுகள் இறுகின. சிங்காரம் கதவோடு கதவாக நேராக இருந்தான். பழனி பாறையில் உட்கார்ந்து, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து, முன்பக்கத்து முழுப் பாரத்தையும் நெஞ்சில் தாங்கிக்கொண்டு இறங்கினான். சட்டை கிழிந்து முதுகுத் தோல் உரிந்தது. அது அவனுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் கதவைப் பார்த்தார். பிறகு கட்டுகளைப் பார்த்தார். சாவிக்கொத்தால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார்.

"தெரியுதா?"

"கூசுது சார்."

"வெரல ஆட்டு."

இரண்டு கட்டைவிரலும் அசைந்தன. பழனி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் அவனும் தன் கால் கட்டைவிரல்களை ஆட்டிக்கொண்டுதான் திரிந்திருக்கிறான். அது எவ்வளவு பெரிய காரியம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது சிங்காரத்தின் அந்த இரண்டு விரல்களும் கோபுரம்போல் பெரிதாகத் தெரிந்தன. குழந்தை மாதிரி விசும்பினான்.

"நடப்பானான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "ஆனா கால் உயிரோட வந்து சேர்ந்திருக்கு. யார்யா இப்படிக் கட்டச் சொன்னது?"

"மெட்ராஸ்ல ஒரு முதுகு கீது சார்" என்றான் பழனி கண்ணைத் துடைத்துக்கொண்டே. "யாரோடதும் இல்ல. அது சொல்லுச்சு."

டாக்டர் விழித்தார். வடிவு அவரைத் தனியே அழைத்துப்போய் விவரம் சொன்னாள். அவர் அவளிடம் வெகுநேரம் பேசினார். வேலூருக்கு அனுப்ப வேன் வந்தது. கதவிலிருந்து ஆளை மாற்ற வேண்டாம், அப்படியே ஏற்றுங்கள் என்றார். வேங்கைக் கதவு சிங்காரத்தைச் சுமந்துகொண்டு வேலூருக்குப் போனது. கூடவே குப்பம்மாளும் போனாள், மகனை ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டே.

நாளுக்கு ஒரே தடவை மலை ஏறுகிற சாயங்கால பஸ்ஸில் பழனியும் வடிவும் திரும்பினார்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து நடை. விளக்கு வைக்கிற நேரம். திருப்பத்தில் திரும்பினதுமே வீடு தெரிந்தது. எப்போதும் இருக்கிற கதவு இல்லாததால் உள்ளே எரிகிற விளக்கும், கட்டிலும், கட்டிலில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிற அண்ணனும் தெரிந்தார்கள்.

வாசலில் அம்மாக்கண்ணு நின்றிருந்தாள். "பொடவ கட்டி மறைக்கலாம்னேன். வாணாம்னுட்டாரு. நீ வர்றது அவருக்குத் தெரியணுமாம்."

பழனி வாசற்படி அருகே வந்து பழக்கதோஷத்தில் நின்றான். மூன்று வருஷமாக அவனைத் தடுத்தது கதவு இல்லை. ஆனாலும் கதவு இல்லாத வாசல் நிலையைப் பார்த்ததும் ஏதோ தைரியம் வந்தது. குனிந்து உள்ளே போனான்.

"அசைஞ்சுதா?" என்றான் கோவிந்தன்.

"ரெண்டு காலும் அசைஞ்சுதுண்ணா."

கோவிந்தன் கண்ணை மூடித் திறந்தான். பழனி அண்ணனின் பாதங்கள் இரண்டையும் கட்டிக்கொண்டு அழுதான். "ஏண்ணா சொல்லல? என்ன திட்டியிருக்கலாம் இல்ல? ஒரு வாட்டி அடிச்சிருக்கலாம் இல்ல?"

"சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் படுத்தது பத்தாதுன்னு நீயும் படுத்திருப்ப. அப்பால கொல்லைய யாரு உழுவறது?"

பழனி விடவில்லை. கோவிந்தன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டேய், அங்க புடிச்சா எனுக்குத் தெரியாதுடா" என்றான். "இங்க வா."

தம்பியின் கையை எடுத்துத் தன் கழுத்தோரம் வைத்துக்கொண்டான். அங்கே தெரிந்தது. இருவருக்கும் தெரிந்தது.

வடிவு மெல்லப் பேச்சை எடுத்தாள். "அண்ணா, டாக்டரு உன்னப் பத்தியும் கேட்டாரு. வடம் கெட்டவங்கள உக்கார வெச்சு, கையால வண்டி தள்ளிப் போவக் கத்துக்குடுக்கற எடம் வேலூர்ல கீதாம். கால் வராது. ஆனா கட்டில உட்டு எறங்கலாம்னாரு."

கோவிந்தன் தலையைத் திருப்பினான். வெற்று வாசல் நிலை வழியாக வெளியே பார்த்தான். மூன்று வருஷமாகக் கதவு பாதி மறைத்த களமும், தோப்பும், அதற்கப்பால் இறங்குகிற பாதையும் முழுசாகத் தெரிந்தன.

"கதவு எப்போ வரும்?"

"சிங்காரத்த மாத்துனதும் அனுப்பிடுவாங்க."

"வரட்டும். அதுலயே என்னையும் எறக்கு" என்றான் பழனியிடம். "முன்பக்கம் நீ புடிக்கணும்."

பழனி தலையாட்டினான்.

அம்மாக்கண்ணு எழுந்து போய்க் கதவில்லாத வாசல் நிலையில் நின்றாள். இரண்டு கையாலும் இரண்டு பக்கத்து மரத்தையும் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதவள்.

"அந்த எறக்கத்துல அவரு ஒரு தடவ போனது போதும்" என்றாள். "இன்னொரு வாட்டி என்னத் தாண்டித்தான் போவணும்."